அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள்: அவர் சின்னப்பிள்ளையாய் இருந்த காலத்து உடுப்பில் எல்லாரும் வந்தால் எப்படி?

கல்லடி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவுக்கு வருகிற ஆவணியில் 60 வயது நிறைகிறது. 1965இல் மட்டக்களப்பு ஆரையம்பதியில் பிறந்தவர், கல்யாணம் முடித்துத்தான் கல்லடிக்கு வந்தார். தம்பி கனடாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறான், பெரியம்மாவின் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வருகிறார்கள், அக்கம்பக்கமும் சேர்த்தால் நாற்பது பேர் வரும். கேக் வெட்டி, புரியாணி சாப்பிட்டு, படம் எடுத்துவிட்டுக் கலைந்து போவதில் எனக்கு விருப்பமில்லை. அம்மா தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லும்போது அவர் முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால் அன்றைக்கு வருகிற எல்லாரும், பேரப்பிள்ளைகளும்தான், 1970க்கும் 1978க்கும் இடையில் எங்கள் பக்கத்துச் சனம் எப்படி உடுத்ததோ அப்படி உடுத்து வரவேண்டும் என்று யோசிக்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால் பார்த்துச் செய்யப் படம் இல்லை. 78 சூறாவளியில் கூரை போனபோது தகரப் பெட்டியில் இருந்ததில் பாதி நனைந்து அழிந்தது, 90இல் போரால் இடம்பெயர்ந்தபோது இன்னும் கொஞ்சம், மிச்சத்தை 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனது. பெரியம்மாவின் கையில் இருந்ததால் தப்பிய ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அம்மாவுக்கு ஏழெட்டு வயது இருக்கும். பின்னால் பூந்தோட்டம் வரைந்த திரை, பக்கத்தில் உயரமான ஸ்டூலில் ஒரு பூச்சாடி, இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டியிருக்கிறார், கைப்பக்கம் பொம்மென்று வைத்த சட்டை, காலில் செருப்பில்லை. சட்டையின் கீழ்ப்பக்கம் குறுக்கே ஒரு கறுத்தக் கோடு போகிறது, படத்தில் விழுந்த கறையாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்குத் தெரியாமல் செய்து ஆச்சரியப்படுத்தவே ஆசை. யாருக்கு அந்தக் காலத்து உடுப்பு, சாமான், விளையாட்டு நினைவிருக்கிறதோ சொல்லுங்கள்.

வாவிக்கரைத் தம்பி:
அக்கா, நல்ல யோசனை. இது லேசான வேலை. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களைப் பார்த்து ஆண்களுக்குப் பெல்பொட்டமும் பெரிய கொலர் சேட்டும், பெண்களுக்குத் தூக்கிக் கட்டிய கொண்டையும் கண்ணுக்கு வால்வைத்த மையும் என்று சொல்லிவிடுங்கள். உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற இடங்களில் எடுக்கலாம். ஒரு மூலையில் பழைய ரிவி ஒன்றும் கசெட் ரேடியோவும் வைத்தால் படம் அந்த மாதிரி வரும்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
மகள், நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, உங்கள் அம்மாவைவிட எட்டு வயது மூப்பு. தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். ரிவி வைக்காதீர்கள். இலங்கையில் முதல் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில்தான் தொடங்கியது, அதுவும் கொழும்பைச் சுற்றித்தான் தெரியும். ரூபவாஹினி 1982இல். உங்கள் அம்மாவின் சின்ன வயதில் ரிவியே இல்லை. கசெட்டும் 77இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகுதான் எங்கள் ஊர்களுக்குக் கனக்க வந்தது. ரேடியோதான் எல்லாம். வால்வு ரேடியோ ஒன்று இருக்கிற வீட்டு விறாந்தையில் அரைக் கிராமம் இருக்கும். காலையில் இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம், யாரும் மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலைப்போலப் பேசிப் பார்க்காத பொடியன் அந்த நாளில் இல்லை. வருகிற பொடியன்களில் குரல் நல்ல ஒருவரைப் பிடித்து அன்றைக்கு முழுக்க அறிவிப்பாளராக நிற்க விடுங்கள், அதற்கு உடுப்பே தேவையில்லை.

சினிமாக்காரர் மாதிரி எங்கள் ஆட்கள் உடுக்கவில்லை, மகள். படம் பார்க்கக் கலரி டிக்கட்டுக்கே காசு சேர்த்தவர்கள். பெல்பொட்டம் வந்தது உண்மை, ஆனால் அது வேலைக்குப் போகிற அண்ணன்மாருடைய உடுப்பு. பெரிய ஆண்கள் வீட்டில் சாரம், வெளியில் வேட்டி, கந்தோருக்கு மட்டும் களுசான். பெண்பிள்ளைகள் சின்ன வயதில் சட்டை, கொஞ்சம் வளர்ந்தால் பாவாடை சட்டை, பெரியபிள்ளையானால் தாவணி. தாய்மார் வீட்டில் கைத்தறிச் சீலை, கோயிலுக்கு நைலெக்ஸ். ஒரு பெண்ணிடம் இரண்டு நைலெக்ஸ் சாறி இருந்தால் ஊர் முழுக்கத் தெரியும்.

செங்கலடியான், லண்டன்:
பல்லிமுட்டாய், புளி டொபி, தோடம்பழ இனிப்பு. கச்சானைப் பேப்பர்ச் சரையில் கட்டிக் கொடுங்கள். கிண்ணத்தில் வைத்தால் ருசி வராது.

மருதமுனைத் தறி:
தங்கச்சி, துணி பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வாப்பா காலத்திலிருந்து தறி போடுகிற குடும்பம். 70க்கும் 77க்கும் இடையில் வெளிநாட்டுத் துணி வரத்து குறைந்ததால் கைத்தறிக்கு நல்ல காலம். மருதமுனையில் அந்த நாளில் தெருவால் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம், வாப்பா இப்போதும் சொல்வார். ஆகவே நீங்கள் உண்மையாகச் செய்வதென்றால் வாடகை உடுப்பு எடுக்காமல், ஆண்களுக்குக் கட்டம் போட்ட மருதமுனைச் சாரமும் பெண்களுக்குக் கரைவைத்த கைத்தறிச் சீலையும் வாங்குங்கள். நாள் முடிந்தபின் உடுக்கலாம், வீண் போகாது. ஆவணி வெக்கையில் நாற்பது பேர் ஒரு வளவுக்குள் நிற்கும்போது பருத்தியின் அருமை தெரியும்.

நிந்தவூர் ராத்தா:
உங்கள் அயலில் முஸ்லிம் குடும்பம் வந்தால் அவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. எங்கள் உம்மாமார் அந்தக் காலத்தில் சாறிதான் உடுத்தார்கள், முந்தானையை இழுத்து முக்காடு போடுவார்கள், அவ்வளவுதான். அபாயா எல்லாம் பிறகு வந்தது. என் உம்மாவின் கல்யாணச் சாறி இன்னும் என்னிடம் இருக்கிறது.

பழுகாமத்து அண்ணன்:
எனக்கு இது பிடிக்கவில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். 73, 74இல் நான் பாணுக்காக விடியப்புறம் நாலு மணிக்குக் கியூவில் நின்றவன். கூட்டுறவுச் சங்கக்கடைப் பங்கீட்டுக் கூப்பனை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பார். மூன்று நேரமும் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றோம். நெல் விளைகிற மட்டக்களப்பிலிருந்து ஒரு பை அரிசி வெளியே கொண்டுபோக விடாமல் றோட்டில் மறித்துப் பார்த்த காலம். கோதுமை மா வந்த வெள்ளைச் சாக்கைத் துவைத்து எனக்குக் காற்சட்டை தைத்தார்கள், பின்பக்கம் எழுத்து அழியவேயில்லை. அதையெல்லாம் இன்றைக்குப் பிள்ளைகள் விளையாட்டு வேசமாகப் போட்டுப் படம் எடுப்பதா? அந்தப் பசியைத் தெரியாதவர்களுக்கு அது அழகாய்த் தெரியும்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
பழுகாமத்துத் தம்பி சொல்வது முழு உண்மை, நானும் அந்தக் கியூவில் நின்றேன். ஆனாலும் எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் பசி மட்டும் இல்லை. நிலவு காலித்தால் தெருவெல்லாம் கிளித்தட்டு. சித்திரை வருசத்துக்குப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டி இரவிரவாய் ஊஞ்சல் பாட்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, அதன் கடைசிக் குளிர்த்திக்கு விடிய விடிய முழித்திருந்தோம். ஊரில் கூத்துப் பழக்கினால் மூன்று மாதத்துக்கு எங்களுக்குப் பள்ளிப்பாடம் ஏறாது. இதையும் சேர்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். கிழிந்த சட்டையை வேசமாகப் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் உங்கள் பக்கம். அந்த நாளில் கிழிந்ததை உடுத்துக்கொண்டு யாரும் வெளியே போகவில்லை, தைத்து, நீலம் போட்டு, சிரட்டைக்கரி இஸ்திரிக்கையால் தேய்த்துத்தான் போனோம்.

மகள், இன்னொன்று. இதை அம்மாவுக்கு மறைக்காதீர்கள். யாருடைய சின்ன வயதோ அவரிடம் கேட்காமல் எப்படிச் செய்வது? நாங்கள் பத்துப் பேர் சொல்வது எங்கள் சின்ன வயது.

வாவிக்கரைத் தம்பி:
ரீச்சர், விளங்குது. நான் படங்களை வைத்துத்தான் யோசித்தேன். அழைப்பிதழைப் பழைய தந்தி மாதிரி அடித்தால் எப்படி இருக்கும்?

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
ஐயோ வேண்டாம். தந்திக்காரன் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினாலே வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள், தந்தி என்றால் சாவுச்செய்தி. வயதானவர்கள் கையில் அதைக் கொடுக்காதீர்கள். கோடு போட்ட கொப்பித்தாளில் நீல மையால் கையெழுத்தில் எழுதி, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக் கொடுங்கள்.

அக்கரைப்பற்றுத் தையல் மாமி:
பிள்ளை, மேலே எல்லாரும் ஏதேதோ கதைக்கிறார்கள், நீ முதலில் எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் படத்தில் சட்டையின் கீழே கோடு போகிறது, கறை என்று எழுதியிருக்கிறாய். அது கறை இல்லை.

நான் நாற்பது வருசமாய்த் தைக்கிறேன். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைக்குச் சட்டை தைத்தால் கீழ்க்கரைக்கு மேலே உள்பக்கமாக இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்போம். ஒரு மடிப்பு முக்கால் அங்குலம், அவிழ்த்தால் ஒன்றரை அங்குல நீளம் கிடைக்கும். பிள்ளை வளர வளர வருசத்துக்கு ஒன்றாக அவிழ்ப்பது. சட்டை வெயிலிலும் துவையலிலும் வெளுத்திருக்கும், மடிப்புக்குள்ளே இருந்த துணி மட்டும் புதுசாகவே இருக்கும். அவிழ்த்தவுடன் அந்த இடம் கடும் நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். சட்டையைப் பார்த்தே பிள்ளை எத்தனை வருசம் அதை உடுத்திருக்கிறது என்று சொல்லலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார், அந்தப் பட்டையின் விளிம்பில் பழைய தையல் ஓட்டை வரிசையாய்த் தெரியும்.

கல்லடி மகள்:
மாமி, நீங்கள் எழுதியதை வாசித்தவுடன் படத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருக்கிறது. சின்னச் சின்னப் புள்ளியாய் ஒரு வரிசை, பட்டையின் மேலே ஒன்று, கீழே ஒன்று. இத்தனை வருசமாய் அந்தப் படத்தைக் கறை பட்டதென்று நினைத்து அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

பொறுக்க முடியாமல் அன்றிரவே அம்மாவிடம் போய் எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். ரீச்சர் சொன்னதுதான் சரி. படத்தைக் கையில் கொடுத்து இந்தக் கோடு என்னவென்று கேட்டதும் அம்மா யோசிக்கவேயில்லை. அது முதலில் பெரியம்மாவின் சட்டையாம். பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட சீத்தைத் துணி, சங்கக்கடைக்குத் துணி வந்த நாளில் அம்மம்மா நின்று வாங்கி, கையாலேயே தைத்தது. பெரியம்மா இரண்டு வருசம் உடுத்து ஒரு மடிப்பை அவிழ்த்தார்களாம், பிறகு அம்மாவுக்கு வந்ததாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போன அன்றைக்கு அந்தப் படம் எடுத்தார்களாம், சிவப்பு பஸ்ஸில் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது கீழே வாவி தெரிய வேண்டுமென்று அம்மா யன்னல் பக்கம் நின்றுகொண்டே போனாராம். கோயில் வாசலில் வாங்கிய கண்ணாடி வளையல் படத்தில் கையில் இருக்கிறது, நான் இதுவரைக்கும் பார்க்கவேயில்லை.

பழுகாமத்து அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிழங்கு அவியுங்கோ, கட்டாயம் வேணும், கட்டைச் சம்பலோட" என்றார். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார், சூறாவளி பற்றி அன்றைக்கு யாரும் எடுக்கக்கூடாதாம். 1978 நவம்பர் 23 இரவு தன்னோடு படித்த ஒரு பிள்ளை போனது அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே எங்கள் கொண்டாட்டத்தில் காட்டுகிற காலம் அதற்கு முந்திய சித்திரையோடு நிற்கும்.

இப்போது கேள்வி, அந்தப் பச்சைச் சட்டையை என் மகளுக்குத் தைக்க முடியுமா? அவளுக்கும் எட்டு வயது.

மருதமுனைத் தறி:
தங்கச்சி, துணியை எங்களிடம் எடுக்க வேண்டாம் என்று நானே சொல்கிறேன். நல்ல நூலில் நல்ல சாயம் போட்டு நெய்தது இலேசில் வெளுக்காது. உங்களுக்கு வெளுக்கிற துணி வேண்டும். மெல்லிய பூப்போட்ட பருத்தி பாருங்கள்.

அக்கரைப்பற்றுத் தையல் மாமி:
அவர் சொன்னது சரி. கடையில் துண்டு வாங்கி மூலையை வெந்நீரில் நனைத்துக் கசக்கிப் பார், கையில் பச்சை ஒட்டினால் அதை எடு. இரண்டேகால் மீற்றர் காணும். இரண்டு மடிப்பு வைத்துத் தை, மடிப்புத் தையலைக் கையால் நீளமாய் ஓட்டு, மெசினில் அடித்தால் பிறகு அவிழ்க்கும்போது துணி கிழியும். தைத்து முடித்ததும் சவுக்காரம் போட்டு ஊறவைத்து, ஈரத்தோடு உச்சி வெயிலில் காயப்போடு. ஒவ்வொரு நாளும் திருப்பிப் போடவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும். இப்போதிருந்து தொடங்கினால் ஐந்து கிழமை இருக்கிறது, போதும். கொண்டாட்டத்துக்கு முதல் நாள் இரவு ஒரு மடிப்பை மட்டும் அவிழ். மற்றதை விடு.

தம்பிமாருக்குப் பெல்பொட்டம் வேண்டுமென்றால் புதிது தைக்காதே. பழைய களுசானை முழங்காலுக்குக் கீழே வெளித்தையலைப் பிரித்து, முக்கோணமாக ஒரு துண்டு வைத்துச் சேர்த்துவிடு. அந்த நாளில் பாதிப் பேருடையது அப்படிச் செய்ததுதான்.

பழுகாமத்து அண்ணன்:
தங்கச்சி, அம்மாவிடம் கேட்டுச் செய்வதென்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் அந்தக் காலத்துச் சில்லறை ஒரு போத்தல் நிறைய இருக்கிறது, சதுரமான 5 சதம், விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல இருக்கிற 2 சதம், 10 சதம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபத்தைந்து சதம் கொடுத்து, பெட்டிக்கடை மாதிரி ஒன்று வைத்து இனிப்பு வாங்க விடுங்கள். நான் கொண்டுவந்து தருகிறேன், பெட்டிக்கடையில் நானே இருக்கிறேன்.

கல்லடி மகள்:
எல்லாருக்கும் நன்றி, போன சனிக்கிழமை முடிந்தது, எழுதத் தாமதமாகிவிட்டது.

வளவில் தென்னோலைப் பந்தல் போட்டோம். விறாந்தையில் பழைய வால்வு ரேடியோ ஒன்றை வைத்து அதன் பின்னால் தம்பி தன் ஸ்பீக்கரை மறைத்தான். பெரியம்மாவின் மகன் அறிவிப்பாளராக நின்றான், ஒவ்வொருவர் வரும்போதும் பெயர், ஊர், யாருடைய பிள்ளை என்று ரேடியோக் குரலில் சொன்னான். அரிக்கன் லாம்பு நாலு கட்டினோம். பெற்றோமாக்ஸ் ஒன்று கொண்டுவந்தார்கள், பத்த வைத்து அரை மணித்தியாலத்தில் மென்டில் உடைந்துவிட்டது, அது ஒன்றுதான் குறை. வாவிக்கரைத் தம்பி, உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் மட்டும் சினிமாக்காரர் மாதிரி பளபளப்புச் சேட்டோடு வந்தார், ஐந்து மணிக்கெல்லாம் வெக்கை தாங்காமல் எங்கள் அப்பாவின் சாரத்தை வாங்கி உடுத்தார். மற்ற ஆண்கள் எல்லாரும் மருதமுனைச் சாரம். பக்கத்து வீட்டு ராத்தா தன் உம்மாவின் சாறியை உடுத்து முக்காடிட்டு வந்தார், அவரும் அம்மாவும் அரை மணித்தியாலம் அந்தச் சாறியின் கரையைப் பிடித்துக்கொண்டு கதைத்தார்கள்.

பெட்டிக்கடைதான் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. அண்ணன் சாரத்தோடு பலகையில் இருந்து, சதத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கச்சானைச் சரையில் சுற்றிக் கொடுத்தார். கனடாவில் பிறந்த தம்பியின் மகன் சதுரச் சில்லறையைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று அழுதான், அண்ணன் அவனுக்கே கொடுத்துவிட்டார். இருட்டிய பிறகு கிளித்தட்டுக்குக் கோடு கீறினோம். அறுபது வயதுக்காரி மறிக்கிற கிளியாக நின்றார், எட்டு வயதுப் பிள்ளைகளால் அவரைத் தாண்ட முடியவில்லை.

சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து கிழமையும் நானும் மகளும் அதைத் துவைத்துக் காயப்போட்டோம், அம்மாவுக்குத் தெரியாமல் வேறு வீட்டுக் கொடியில். இந்த ஒன்றை மட்டும் மறைத்தேன். முதல் நாள் இரவு ஒரு மடிப்பை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து அந்தப் பச்சைப் பட்டை வந்தது, மற்ற இடமெல்லாம் வெளுத்து, அது மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போல. மகளுக்கு இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டி, கண்ணாடி வளையல் போட்டு, செருப்பில்லாமல் அனுப்பினேன்.

அம்மா கிழங்குச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மகள் போய் முன்னால் நின்றதும் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகச் சட்டையின் கீழ்க்கரையைத்தான் பார்த்தார். குனிந்து, அந்தப் பட்டையின் மேல் தையல் ஓட்டைகள் வழியே விரலை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம்வரைக்கும் மெல்லக் கொண்டுபோனார். பெரியம்மா வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அம்மா கரையைத் திருப்பி உள்பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்,

"இன்னும் ஒரு மடிப்பு இருக்கு. அடுத்த வருசத்துக்கும் காணும்."